வீட்டுக்காரர் வந்து பேசுவார்

பாழடைந்த அந்தப் பழைய தலைநகரத்தில் காவல்காரராக இருந்தவரைச் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் எல்லாம் ‘விசில்’ என்றுதான் அழைப்பார்கள். தூணில் ஏறினால் விசில், மதில்மேல் நடந்தால் விசில், சிற்பத்தின் மடியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டாலும் விசில். ஊதி ஊதியே அவர் கன்னம் இரண்டும் தொங்கிப் போய்விட்டதாக அவர் மனைவி கேலி செய்வாள்.

“வீட்டுக்கு வந்தா அத கழட்டி மாட்டுங்க. தூக்கத்துல முழுங்கிட்டீங்கன்னா அப்புறம் மூச்சு விடும்போதெல்லாம் ஊதும்.”

வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குக் கல்லும் தெரியாது, கோயிலும் தெரியாது. வேறு ஊரில் பிறந்து வளர்ந்தவர். ராஜாக்கள் இருந்து ஆண்ட நகரம் ஒரு போரில் எரிந்து, பாறைகளுக்கு நடுவே ஆற்றங்கரை வரைக்கும் சிதறிக் கிடந்தது. அரண்மனை மரத்தால் கட்டியதாம். எரிந்தது போக அதன் கல் மேடை மட்டும் மிச்சம். கோயில் கல்லாக இருந்ததால் நின்றது. கோபுரத்தின் அடித்தளம் கருங்கல், அதற்கு மேலே செங்கல்லும் சுண்ணாம்பும். கருங்கல் அசையவில்லை. செங்கல் பாதி சரிந்துவிட்டது, ஒவ்வொரு மழைக்கும் இன்னும் கொஞ்சம் உதிரும். கருவறையில் சிலை கிடையாது, வௌவால்கள்தான் குடியிருந்தன.

கோபுர வாசலிலிருந்து நேராக ஒரு அகலமான தெரு போகும். அதன் இரண்டு பக்கமும் நீளமான தூண் மண்டபங்கள். ராஜா காலத்துக் கடைத்தெரு அது. ராஜாவும் போய், கடைக்காரர்களும் போய், காலியாகக் கிடந்த மண்டபங்களில் பிற்காலத்தில் வீடில்லாதவர்கள் வந்து ஒண்டிக்கொண்டார்கள். தூணுக்கும் தூணுக்கும் நடுவே செங்கல் சுவர் வைத்து, கதவு மாட்டி, குடும்பம் நடத்தினார்கள். காவல்காரர் வந்து சேர்ந்தபோது அந்தத் தெருவில் ஒரு டீக்கடை இருந்தது, முடிதிருத்துகிறவர் இருந்தார், சைக்கிள் கடை இருந்தது. கோபுரத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் ஒரு தையல்காரி இருந்தாள்.

கோபுரத்தின் மேலே ஏறி நின்ற ஓர் ஆட்டை இறக்கப் போனதில்தான் இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. ஆடு சமர்த்தாக இறங்கிவிட்டது. அவர் சறுக்கி இறங்கியதில் கால்சட்டையின் பின்பக்கம் கிழிந்து தொங்கியது. தெருவே பார்க்குமே என்று முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து வந்தார்.

“என்ன சார், சுவரோடவே ஒட்டிக்கிட்டு வர்றீங்க? நீங்க விட்டா விழுந்துடுமா?” என்று தையல் எந்திரத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

அவர் அசடு வழிந்தார். அவள் ஒரு துண்டைத் தூக்கிப் போட்டு, தூணுக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னாள். தைத்து முடிக்கும்வரை அவர் துண்டோடு நின்றார். அந்தத் தூணில் சிங்க உடம்பும் யானைத் துதிக்கையுமாக ஒரு யாளி பாய்ந்துகொண்டிருந்தது. அதன் தந்தத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டிருந்தாள். தொல்லியல் துறையின் ஆளாக அவர் அதைக் கண்டித்திருக்க வேண்டும். துண்டோடு நிற்கிறவர் எதைக் கண்டிப்பது?

அதற்குப் பிறகு அவருடைய சட்டைப் பொத்தான்கள் அடிக்கடி அறுந்து விழுந்தன. அவளுக்கு அப்பா அம்மா இல்லை, சொந்தமென்று இருந்தது அந்த எந்திரமும் அந்த இடமும்தான். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டு அவர் தன் பெட்டியோடு மண்டபத்துக்குக் குடிவந்தார்.

இரண்டு தூண்கள் நடுவீட்டில் நின்றன. சிமெண்ட், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் உத்தரக் கல்லின்மேல் பாளம் பாளமாகக் கல்லை அடுக்கிய கூரை. படுத்தால் தலைக்கு நேர் மேலே ஒரு செதுக்கிய தாமரை. வெயில் காலத்தில் உள்ளே சில்லென்று இருக்கும். மழை பெய்தால் ஒரே ஒரு இடுக்கில் தண்ணீர் சொட்டும், அங்கே ஒரு பாத்திரத்தை வைத்துவிடுவாள்.

“எனக்கு ரெண்டு வீட்டுக்காரங்க” என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லுவாள். யாளியைக் காட்டி, “இவரு வீட்டுக்குச் சொந்தக்காரரு. இந்த எடத்த விட்டு நகரவே மாட்டாரு.” பிறகு கணவரைக் காட்டி, “இவரு எனக்குச் சொந்தக்காரரு. இவரு ஒரு எடத்துல நிக்கவே மாட்டாரு.”

அவர்கள் மகள் அங்கேதான் பிறந்தாள். இன்னொரு தூணில் மூக்கு உடைந்த ஒரு ஆடல்மகள் சிற்பம் இருந்தது. மகள் வெட்டுத் துணிகளைக் கொண்டு அதற்கு விதவிதமாக உடுத்திவிடுவாள். கடைத்தெருவைப் பார்க்க வரும் ஆராய்ச்சி மாணவர்கள், பூப்போட்ட கவுன் மாட்டிய சிற்பத்தைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொள்வார்கள்.

மகள் பள்ளிப் படிப்பை முடிக்கும் சமயத்தில் அந்தப் பேச்சு கிளம்பியது. மண்டபங்களைக் காலி செய்து, சுவர்களை இடித்து, பழைய கடைத்தெருவைப் பழையபடி ஆக்கப்போகிறார்கள் என்று. பேச்சாகவே பல நாள் போயிற்று. ஒருநாள் துறையிலிருந்து ஆட்கள் வந்து ஒவ்வொரு கதவிலும் சிவப்புச் சாயத்தில் குறி போட்டுவிட்டுப் போனார்கள்.

தெருவே கூடிப் பேசியது. துறையில் வேலை பார்க்கிறவர் ஒருவர் தெருவிலேயே இருக்கிறாரே என்று எல்லோரும் காவல்காரரைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். அன்று சாப்பிடும்போது மனைவி கேட்டாள்.

“பெரிய ஆபீசர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன்.”

“நான் யாரு, அவரு யாரு? போய் நின்னா, யார்ரா நீன்னு கேப்பாரு.”

“கேக்கட்டும். இங்க குடியிருக்கிறவன்னு சொல்லுங்க.”

“பாக்கலாம்” என்றார்.

பார்க்கலாம், பார்க்கலாம் என்றே நாள் ஓடியது. ஒருநாள் காலையில் அலுவலக வாசல்வரை போனார். உள்ளே மேசையைச் சுற்றி வரைபடங்களை விரித்துப் போட்டுக்கொண்டு நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். யாரோ நிமிர்ந்து பார்த்ததும் சல்யூட் அடித்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

இடிக்கும் எந்திரம் வந்த அன்று, தெருவை மறித்து ஒரு கயிறு கட்டினார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் மக்கள், இந்தப் பக்கம் காவல்காரர். யாரும் தாண்டி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு. கூட்டத்தில் முன்வரிசையில், தையல் எந்திரத்தைப் பக்கத்தில் இறக்கிவைத்துக்கொண்டு, மகளின் தோளைப் பிடித்தபடி அவருடைய மனைவி நின்றாள். முதல் சுவர் விழுந்து புழுதி எழுந்தபோது கூட்டம் கத்தியது. அவள் கத்தவில்லை. புழுதி அடங்கியதும் அவரைப் பார்த்தாள்.

“பேசினீங்களா?”

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

ஊரைத் தாண்டி, சாலை வளைகிற இடத்தில் தகரக் கூரை போட்ட வீடுகளை வரிசையாகக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவளுடைய எந்திரம் ஜன்னலோரத்துக்கு வந்தது. வழக்கம்போல் சமைத்தாள், தைத்தாள், கேலி பேசினாள். அந்த நாளைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. திட்டியிருந்தாலாவது அவருக்கு ஆறியிருக்கும். கோயில் பக்கம் அவள் மறுபடி கால் வைக்கவே இல்லை. அவர் தினமும் சைக்கிளில் அங்கே போனார், விசில் ஊதினார், திரும்பி வந்தார்.

வருஷங்கள் ஓடின. மகள் நர்சு வேலைக்குப் படித்துவிட்டுப் பெரிய ஊருக்குப் போனாள். அவருக்கு முடி நரைத்தது. அந்தச் சமயத்தில்தான் ஒரு பள்ளி ஆசிரியர் தைக்கக் கொடுத்த சட்டைக்கு அவள் மூன்று கைகள் வைத்துத் தந்தாள். ஆசிரியர் நல்ல மனிதர். பிரித்துப் பார்த்துவிட்டு, “பரவாயில்லம்மா” என்று மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். தெருமுனையில் காவல்காரரை நிறுத்தி, “வீட்ல ஒடம்புக்கு என்ன?” என்று மெல்லக் கேட்டார்.

மருத்துவர் அவள் தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாப் போகும். புதுசு முதல்ல போகும். பழசு கடைசியில.”

தகரக் கூரை வீடுதான் முதலில் போயிற்று. “இது யார் வீடு? எப்ப நம்ம வீட்டுக்குப் போறது?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

ஒருநாள் காலையில் பணிக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தவர், கோபுரத்துப் பக்கத்து மண்டபத்தில் யாரோ ஒரு பெண் குனிந்து நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்தார். சுவர்களை இடித்த பிறகு அந்த மண்டபம் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை வெறும் தூண்களாக நின்றது. புகைக்கரியெல்லாம் கழுவி, முன்னால் புல் வளர்த்து, தொடக்கூடாது என்று பலகை நட்டிருந்தார்கள். பழக்க தோஷத்தில் விசிலை எடுத்து ஊதினார்.

“யாரும்மா அது? மேல ஏறக்கூடாது. வெளிய வாங்க.”

அந்தப் பெண் நிமிர்ந்தாள். கையில் துடைப்பம் இருந்தது. அவருடைய மனைவி.

அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, காக்கிச் சட்டையைத்தான் பார்த்தாள். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, முன்னால் வந்து கைகூப்பினாள்.

“சார், இன்னும் ரெண்டு நாள் பொறுங்க சார். எங்க வீட்டுக்காரரு உங்க ஆபீஸ்லதான் வேலை பாக்குறாரு. அவரு வந்து பேசுவாரு.”

அவர் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

“பயந்த மாதிரி தெரியும் சார், ஆனா பேசுவாரு. குடும்பம்னா விட மாட்டாரு” என்று அவளே மேலும் சொன்னாள்.

அவர் திரும்பி நடந்தார். கோபுரத்தின் கருங்கல் அடித்தளத்துக்குப் பின்னால் போய், யாரும் பார்க்காத இடத்தில் குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு காக்கிச் சட்டையைக் கழற்றி, சுருட்டி, ஒரு கல்லின்மேல் வைத்தார். உள்பனியனோடு மண்டபத்தின் பின்பக்கமாக, பழைய கொல்லைக் கதவு இருந்த வழியாக உள்ளே வந்தார்.

அவள் முகம் மலர்ந்தது. “வந்துட்டீங்களா? இப்பத்தான் ஒரு ஆளு வந்து மிரட்டிட்டுப் போறான். பேசினீங்களா?”

“பேசிட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“இருந்துக்கங்கன்னு சொல்லிட்டாங்க.”

“நான்தான் சொன்னேன்ல” என்றாள். உட்கார்ந்து, யாளித் தூணில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பல மாதங்களாக அவள் முகத்தில் இல்லாத அமைதி அப்போது இருந்தது.

அன்றிலிருந்து அது வாடிக்கையாகிவிட்டது. அப்போதைய அதிகாரி ஒரு இளம்பெண். விஷயத்தைக் கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “கூட்டம் வர்றதுக்கு முன்னாடி கூட்டிட்டு வந்து கூட்டிட்டுப் போயிடுங்க. நான் பாக்கல” என்றாள். பொழுது விடிந்ததும் அவர் காக்கிச் சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு மனைவியைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டி வருவார். கொஞ்சம் வெட்டுத் துணியும் ஊசியும் நூலும் கொடுப்பார். கேட் திறக்கும் நேரம் வந்ததும், “சந்தைக்குப் போயிட்டு வரலாம், வா” என்பார். சந்தை என்றால் எழுந்துவிடுவாள். மண்டபத்தில் இருக்கும் நேரத்தில் அவளுக்கு அவரைத் தெரியும், கேலி செய்வாள், கையைப் பிடித்துக்கொள்வாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அவர் மீதி நாளைத் தள்ளினார்.

விடுப்பில் வந்த மகள் இதைப் பார்த்துவிட்டுக் கோபப்பட்டாள்.

“தினமும் பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போறீங்களேப்பா. ஒருநாள் முடியாமப் போச்சுன்னா அம்மா என்ன ஆவாங்க?”

“அன்னிக்கு பாத்துக்கலாம்மா.”

“என்கூட ரெண்டு பேரும் வந்துடுங்க. ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு.”

“அங்க இவளுக்கு யாரத் தெரியும்? என்னையே தெரியாது” என்றார்.

அந்த மழைக்காலம் கடுமையாக இருந்தது. அடுத்த மண்டபத்தில் உத்தரக் கல் ஒன்று விரிசல் விட்டு, கூரைப் பாளம் நடுராத்திரியில் விழுந்து மூன்று துண்டானது. பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள். சுவர்கள் இருந்தவரை கொஞ்சம் பாரத்தை அவை தாங்கியிருக்கின்றன, இப்போது தூண்கள் சாய ஆரம்பித்திருக்கின்றன என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கோபுரத்துப் பக்கத்து மண்டபத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, உள்ளே இரும்பு முட்டுக் கொடுத்தார்கள். கேட்டுக்குப் பூட்டு. காவலுக்கு அவர்.

மனைவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வந்தார். இரண்டு நாள் எப்படியோ சமாளித்தார்கள். மூன்றாம் நாள் அந்த அக்கா அடுப்பைப் பார்க்கப் போன நேரத்தில் இவள் கிளம்பிவிட்டாள்.

அவள் நனைந்துகொண்டே வேலிக்கு முன்னால் வந்து நின்றபோது, அவருக்குப் பின்னால் பொறியாளர்களும் கூலியாட்களும் முட்டுக் கம்பிகளைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். சட்டையைக் கழற்ற வழியில்லை. கழற்றினாலும் உள்ளே கூட்டிப்போக முடியாது. தலைக்கு மேலே கல் தொங்குகிறது.

“கேட்ட திறங்க சார்.”

“உள்ள போகக்கூடாதும்மா.”

“எங்க வீடு சார் அது. எங்க வீட்டுக்காரரு வந்து பேசிட்டாரே. இருந்துக்கங்கன்னு நீங்கதானே சொன்னீங்களாம்.”

கூலியாட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். என்னவோ, இனி இவளிடம் ஒரு பொய்கூடச் சொல்ல அவருக்குத் தெம்பில்லை.

“அவரு பேசலம்மா” என்றார். “உங்க வீட்டுக்காரரு எங்க ஆபீஸ் வாசல் வரைக்கும் வந்தாரு. அப்படியே திரும்பிப் போயிட்டாரு. பேசவே இல்ல.”

பளீரென்று அவர் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது.

“பொய் சொல்லாத” என்றாள். “அவரப் பத்தி உனக்கு என்ன தெரியும்? அவரு பேசாம இருக்க மாட்டாரு. எனக்குத் தெரியும்.”

அப்படியே சேற்றில் உட்கார்ந்து வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். தொடப் போனால் கையைத் தட்டிவிட்டாள். கடைசியில் அந்த இளம் அதிகாரி குடையோடு ஓடிவந்து அவளை எழுப்பித் தன் காரில் ஏற்றிக்கொண்டாள். பின் இருக்கையில் அவள் அதிகாரியின் தோளில் சாய்ந்துகொள்ள, காவல்காரர் முன்னால் உட்கார்ந்து கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அந்த வாரமே வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டார். மகள் வந்தாள். தையல் எந்திரத்தை அந்த அக்காவிடம் கொடுத்துவிட்டு மூவரும் பஸ் ஏறினார்கள். காக்கிச் சட்டை இல்லாமல் பார்த்தும் மனைவிக்கு அவர் யாரென்று பிடிபடவில்லை. ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்ததில் சந்தோஷமாக இருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் தூக்கத்தில் அவர் தோளில் சாய்ந்தாள்.

முன்சீட்டிலிருந்து மகள் திரும்பினாள். “அப்பா, அன்னிக்கு நீங்க பேசியிருந்தா மட்டும் விட்டிருப்பாங்களா?”

“எங்க விட்டிருப்பாங்க.”

“அப்புறம் ஏன்ப்பா இதையே நெனச்சுக்கிட்டு...”

“பேசச் சொல்லி அவ என்கிட்ட கேட்டாளே” என்றார்.

மகள் எழுந்து வந்து, அம்மாவின் காலடியில் நழுவிக் கிடந்த போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டாள்.

மகள் வீடு நான்காவது மாடி. அங்கே அவர் மனைவி ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் இருந்தாள். முதலில் வார்த்தைகள் போயின, பிறகு நடை போயிற்று. அவர் குளிப்பாட்டினார், தலை வாரிவிட்டார், கரண்டியால் ஊட்டினார். கடைசி மாதங்களில் அவளுக்கு அவர்மேல் பயமும் இல்லை, பிரியமும் இல்லை. யாரோ ஒரு ஆள் வந்து வாயைத் துடைத்துவிடுகிறான், அவ்வளவுதான். எதிர்வீட்டுப் பெண்மணி ஒருநாள், “இப்படிப் பாத்துக்கறீங்களே, குடுத்து வச்சவங்க உங்க மனைவி” என்றாள். அவர் கதவை மெல்லச் சாத்திக்கொண்டார்.

ஒரு முற்பகல், மகள் பணிக்குப் போயிருந்தாள். அவர் வெந்நீர் எடுக்கச் சமையலறைக்குப் போய்விட்டு வந்தபோது, அறை அவர் விட்டுப்போன மாதிரியே இருந்தது. வெயில் கட்டில்வரை வந்திருந்தது. அவள் மூச்சு மட்டும் இல்லை. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். மறுபடி வைத்துப் பார்த்தார். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, எப்போதும் போல் முகம், கழுத்து, கை என்று நிதானமாகத் துடைத்துவிட்டார். தலையைச் சீவிவிட்டார். கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நெடுநேரம் அவளோடு என்னென்னவோ பேசினார். என்ன பேசினார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

பிறகு போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

“என்னப்பா, சாப்டாச்சா?” என்றாள் மகள். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது.

“வேலைய முடிச்சுட்டே வாம்மா” என்றார். “அவசரம் ஒண்ணும் இல்ல.”

மகள் நர்சு. அந்தக் குரலை எத்தனையோ வீட்டாரிடம் கேட்டிருக்கிறாள். கையிலிருந்த மருந்துத் தட்டைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக்கூட மாற்றாமல் படியிறங்கி ஓடிவந்தாள்.